எஃப்எம்சியில் காற்றுக் கணக்கு தப்புகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யுங்கள்

குமரி மாவட்டத்துக்காரர் யார் சிமுலேட்டரைத் திறந்தாலும் கை தானாகத் திருவனந்தபுரத்துக்குத்தான் போகும். நமக்கென்று ஒரு விமான நிலையம் கிடையாது, வேறு எங்கே போவது? அங்கிருந்து துபாய், ஷார்ஜா, மஸ்கட், மனசு வந்தால் டெல்லி. விமானம் பெரும்பாலும் போயிங் 737, இல்லாவிட்டால் ஏர்பஸ் ஏ320. ரூட் ஏற்றுவது, எடை போடுவது, எரிபொருள் நிரப்புவது வரை எல்லாம் சரளமாக வந்துவிடுகிறது. முன்னறிவிப்புக் காற்றை எஃப்எம்சியில், அதாவது விமானத்தின் பயணக் கணினியில், ஏற்றும் இடம் வந்ததும் பலர் "சவத்த விடு மக்கா" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள், அப்புறம் இறங்கும்போது வேகத்தைக் குறைக்க இறக்கையின் மேல் எழும் பலகையான ஸ்பீட்பிரேக்கைப் பிடித்துத் தொங்குகிறார்கள். இது சம்பந்தமாக என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அறிகுறி வாரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம், முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்: எந்தக் காற்று தப்பு?

மூன்று காற்று இருக்கிறது. ஒன்று, பயணத் திட்டம் போட்டுத் தரும் சிம்ப்ரீஃப் தளம் கொடுக்கும் ஓஎஃப்பியில், அதாவது திட்டத்தாளில் எழுதியிருக்கும் முன்னறிவிப்பு. இரண்டாவது, அதைப் பார்த்து நீங்கள் எஃப்எம்சியில் ஏற்றியது. ஏர்பஸ் என்றால் எம்சிடியூவில். மூன்றாவது, சிமுலேட்டருக்குள் இந்த நிமிடம் உண்மையாக வீசிக்கொண்டிருப்பது. கோளாறு என்று எது வந்தாலும் இந்த மூன்றில் ஏதோ இரண்டு ஒத்துப்போகவில்லை என்றுதான் அர்த்தம், எந்த இரண்டு என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வெளியே வீசும் காற்றைப் பார்க்க நேவிகேஷன் டிஸ்ப்ளேயின் இடது மேல் மூலைக்குப் போங்கள். தரைவேகம், சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட உண்மை வேகம் இரண்டுக்கும் கீழே திசையும் வேகமும் ஒரு சின்ன அம்புக்குறியும் இருக்கும். போயிங்கில் புரோக்ரஸ் பொத்தானை அழுத்தி இரண்டாவது தாளுக்குப் போனால் எதிர்க்காற்றா பின்காற்றா, பக்கக்காற்று எவ்வளவு என்று பிரித்தே காட்டும். தீர்ப்பு சொல்வது இந்த இடம்தான். ஓஎஃப்பி என்ன சொன்னாலும், நீங்கள் எதை ஏற்றியிருந்தாலும், விமானத்தைத் தள்ளுவது இங்கே தெரியும் காற்று மட்டும்தான்.

எஃப்எம்சியில் ஏற்றும் காற்று விமானத்தை ஓர் அங்குலம்கூட நகர்த்தாது. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம், எவ்வளவு எரிபொருள் மிஞ்சும், எங்கே இறங்கத் தொடங்க வேண்டும், இந்தக் கணக்குகளுக்கு மட்டுமே அது உதவும். அதுவும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ரூட்டில் பக்கத்தில் வரும் வழிப்புள்ளிகளுக்குக் கணினி தான் அளந்த காற்றைப் பெரிதாக நம்பும், தூரம் போகப்போக நீங்கள் கொடுத்த காற்றுக்கு மதிப்புக் கூடும். அதனால் பறந்துகொண்டிருக்கும்போது அடுத்த புள்ளிக்குக் காற்றை மாற்றிவிட்டு "நேரம் மாறவே இல்லையே" என்று கேட்டால் பதில் இதுதான்.

தட்டியதும் "இன்வாலிட் என்ட்ரி" அல்லது "ஃபார்மட் எரர்" என்கிறது

திசைக்கு மூன்று இலக்கம், ஒரு சாய்கோடு, அப்புறம் வேகம். கிழக்கிலிருந்து 45 நாட் (மணிக்கு 45 கடல்மைல்) என்றால் 090/45. வெறும் 90/45 என்று கொடுத்தால் சில விமானங்கள் பொறுத்துக்கொள்ளும், சில திருப்பி அனுப்பும். மூன்று இலக்கமாகவே பழகிக்கொள்ளுங்கள். சில ஓஎஃப்பி வடிவங்களில் காற்றைச் சாய்கோடு இல்லாமல் 27045 என்று சேர்த்து அச்சடித்திருப்பார்கள், முதல் மூன்று திசை, மிச்சம் வேகம். இன்னும் சிலவற்றில் காற்றுக்குப் பக்கத்திலேயே மைனஸ் 48, மைனஸ் 52 என்று ஓர் எண் ஒட்டிக்கொண்டிருக்கும், அது வெப்பநிலை. அதையும் சேர்த்துத் தட்டினால் எந்தக் கணினியும் ஏற்காது.

உயரத்தை எங்கே போடுவது என்பதில் போயிங்கும் ஏர்பஸ்ஸும் வேறு வேறு. 737-இன் இறக்க முன்னறிவிப்புப் பக்கத்தில் உயரத்துக்கு இடப்பக்கம் தனிக் கட்டம், காற்றுக்கு வலப்பக்கம் தனிக் கட்டம். 777-இல் விண்ட் பக்கத்தில் முதலில் உயரங்களை வரிசையில் போட்டுவிட்டு, அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் காற்றைக் கொடுக்க வேண்டும். ஏர்பஸ்ஸில் மூன்றையும் ஒரே மூச்சில் 250/30/எஃப்எல்100 என்ற வரிசையில் கொடுக்கலாம் (எஃப்எல் என்பது நூறு அடிக் கணக்கில் உயரம், எஃப்எல்100 என்றால் 10,000 அடி). ஏர்பஸ் பழக்கத்தில் போயிங்கில் தட்டுகிறவர்களுக்கும் போயிங் பழக்கத்தில் ஏர்பஸ்ஸில் தட்டுகிறவர்களுக்கும் இந்தப் பிழை தவறாமல் வரும்.

சாய்கோடு தட்டும்போது விமானம் குலுங்கி வேகம் குறைகிறது

தக்கலையில் இருக்கும் தம்பி ஒருவன் கேட்டது: "அண்ணே, காத்து டைப் பண்ணும்போதெல்லாம் ஃபிளைட்டு தானா வேகம் கொறையுதே, ஏன்?" பேய் ஒன்றும் இல்லை. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் இயல்பு அமைப்பில் விசைப்பலகையின் சாய்கோட்டு விசை ஸ்பீட்பிரேக்கைத் திறந்து மூடும் விசை. எஃப்எம்சிக்கு விசைப்பலகையைக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு 090/45 என்று தட்டினால், எண்கள் எங்கேயோ போகும், சாய்கோடு மட்டும் இறக்கையின் மேல் பலகையைத் தூக்கிவிடும். இரண்டாவது புள்ளிக்குத் தட்டும்போது அதுவே மூடிக்கொள்ளும், அதனால்தான் ஒரு நேரம் குலுங்குகிறது, ஒரு நேரம் இல்லை.

பெரும்பாலான கூடுதல் விமானங்களில் கணினித் திரையையோ, தட்டுவது வந்து நிற்கும் ஸ்க்ராட்ச்பேட் வரியையோ ஒருமுறை சொடுக்கினால் விசைப்பலகை அதற்குப் போய்விடும், நிறமோ சட்டமோ மாறி அதைக் காட்டும். அந்த அடையாளம் தெரியும் வரை எதையும் தட்டாதீர்கள். ஜி விசை சக்கரத்தை இறக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும், புள்ளியின் பெயரில் ஜி இருந்தால் 36,000 அடியில் சக்கரம் வெளியே வந்து நிற்கும். எனக்குக் கேட்டால் காற்றுக்கு மட்டும் மவுஸால் பொத்தான்களைச் சொடுக்குவதே மேல், நேரம் எடுத்தாலும் நிம்மதி.

ஏறிவிட்டது, ஆனால் நேரமும் எரிபொருளும் அசையவில்லை

போயிங்கில் எக்ஸெக் பொத்தானுக்கு மேலே விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் நீங்கள் செய்த மாற்றம் இன்னும் நடப்புக்கு வரவில்லை, அழுத்துங்கள். ஏர்பஸ்ஸில் தரவிறக்கிய காற்று வந்து நிற்கும்போது இன்செர்ட் அல்லது அப்டேட் என்று ஒரு வரி காத்திருக்கும், அதை அழுத்தாத வரை கணக்கில் சேராது. பாதிப் பேருக்கு இதோடு சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் எழுத்தின் அளவைப் பாருங்கள். ஒரு புள்ளியில் காற்றைக் கொடுத்தால் அதற்கு அடுத்து வரும் எல்லாப் புள்ளிகளுக்கும் அதே காற்று தானாகப் பரவும், வேறொரு காற்றைக் கொடுக்கும் இடம் வரை. நீங்கள் கொடுத்தது பெரிய எழுத்தில், பரவியது சின்ன எழுத்தில் இருக்கும். வழியின் கடைசியில் ஒரே ஒரு புள்ளிக்குக் கொடுத்துவிட்டு முன்னால் எல்லாம் காலியாக விட்டிருந்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதல் புள்ளியிலிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொரு புள்ளிக்கும் தட்ட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. திசை ஏறக்குறைய 30 டிகிரியோ வேகம் 15, 20 நாட்டோ மாறும் இடங்களில் மட்டும் புதிதாகக் கொடுத்தால் போதும், நடுவில் உள்ளவை பரவிக்கொள்ளட்டும். திருவனந்தபுரம்–சென்னை மாதிரி ஒரு மணி நேரச் சொச்சத்துக்கு அதுகூட வேண்டாம், 737-இல் பெர்ஃப் இனிட் பக்கத்தில் குரூஸ் விண்ட், அதாவது சமஉயரத்தில் பறக்கும்போது உள்ள காற்று, என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது, அதில் சராசரியாக ஒன்றைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். அந்தத் தூரத்துக்கு அதற்கு மேல் உழைப்பது வீண்.

ரிக்வெஸ்ட் அழுத்தினால் காற்று வருவதே இல்லை, அல்லது பாதி வருகிறது

ரிக்வெஸ்ட் என்பது கையால் தட்டாமல் சிம்ப்ரீஃப் திட்டத்தின் காற்றைத் தானாக இறக்கும் பொத்தான். இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் ரூட் முழுதாக ஏறி நடப்புக்கு வந்திருக்க வேண்டும், பிறகு பறக்கும் உயரம், அதற்கப்புறம்தான் காற்று. ரூட்டில் இல்லாத புள்ளிக்கு வந்த காற்றைக் கணினி எங்கே கொண்டுபோய் வைக்கும்?

பாதிப் புள்ளிகளுக்கு மட்டும் வருகிறது என்றால் ஏய்ராக் சுழற்சியைச் சந்தேகப்படுங்கள். வழித்தடத் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது. சிம்ப்ரீஃபில் ஒரு சுழற்சி, விமானத்தில் பழைய சுழற்சி என்று இருந்தால் சில புள்ளிகளின் பெயரே மாறியிருக்கும், பெயர் பொருந்தாத இடங்களில் காற்று உட்காராது. இரண்டையும் ஒரே சுழற்சிக்குக் கொண்டுவாருங்கள். கொண்டுவர முடியாவிட்டால் விடுபட்ட புள்ளிகளுக்கு முன்னால் உள்ளது பரவியிருக்கிறதா என்று பார்த்து, பரவியிருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

ஒன்றுமே வரவில்லை என்றால் மூன்று இடம் பாருங்கள். விமானத்தின் டேப்லெட்டில் சிம்ப்ரீஃப் அடையாள எண் சரியாக இருக்கிறதா. சிம்ப்ரீஃபில் கடைசியாக உருவாக்கிய திட்டம் இந்தப் பயணத்துக்கானதுதானா. நேற்றைய மஸ்கட் திட்டம் அங்கே கிடந்தால் துபாய்க்கு எப்படிக் காற்று வரும். மூன்றாவது, காற்றைக் கோப்பாக இறக்கும் பழைய வகை விமானங்களில் கோப்பின் பெயரில் புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டின் நான்கெழுத்துக் குறியீடும் இருக்கும், அந்தக் குறியீடுகளும் கணினியில் நீங்கள் போட்டவையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கோப்பு சரியான விமானத்தின் கோப்புறையில்தான் இறங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், 737-க்குப் பதில் 777-இன் கோப்புறையில் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எரிபொருள் கணக்கு ஓஎஃப்பியோடு ஒத்துப்போகவில்லை

முதலில் திசையைச் சரிபாருங்கள். காற்றின் திசை என்பது அது எங்கிருந்து வருகிறது என்பது. கொண்டல் கிழக்கிலிருந்து வருவது மாதிரி, 090 என்றால் கிழக்கிலிருந்து. அம்புக்குறியைப் பார்த்துவிட்டு அது காட்டும் பக்கத்து எண்ணைத் தட்டினால் பின்காற்று எதிர்க்காற்றாகிவிடும்.

ஜூலை மாதம் திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போகிறோம், எஃப்எல்360-இல் 090/50 என்று வைத்துக்கொள்வோம். விமானம் ஏறக்குறைய வடமேற்கே, 312 டிகிரியில் போகிறது. அந்தக் கோணத்தில் 50 நாட்டில் 37 நாட் பின்காற்றாகக் கிடைக்கும். உண்மை வேகம் 450 என்றால் தரைவேகம் 487. அதையே 270/50 என்று தவறாக ஏற்றினால் கணினி 413 என்று எண்ணிக்கொள்ளும். மொத்தத் தூரம் 1,600 கடல்மைலுக்குச் சற்றுக் குறைவு. வடக்கே போகப்போக இந்தக் கீழைக்காற்று வலுவிழக்கும், அதனால் பாதி வழிக்கு, 800 கடல்மைலுக்கு மட்டும் கணக்கிட்டால்கூட ஏறக்குறைய 18 நிமிட வித்தியாசம். மணிக்கு 2.4 டன் குடிக்கும் விமானத்தில் அது கிட்டத்தட்ட 700 கிலோ. ஓஎஃப்பியோடு ஒப்பிடும்போது இப்படிப் பெரிய ஓட்டை தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், திசை தலைகீழாக இருக்கிறது.

இன்னொன்று, கூட்டல் கழித்தல் குறி. ஓஎஃப்பியில் சராசரிக் காற்று பி012, எம்012 என்ற மாதிரி வரும். பி பின்காற்று, எம் எதிர்க்காற்று. ஏ320-இல் இனிட் பி பக்கத்தில் டிரிப் விண்ட் கட்டத்தில் டிஎல் போட்டால் பின்காற்று, எச்டி போட்டால் எதிர்க்காற்று. அந்தக் கட்டம் அவசரத்துக்கு நல்லது. என்ஜினை ஓடவிட்ட பிறகு அந்தப் பக்கம் கிடைக்காது, அதனால் தரையில் நிற்கும்போதே முடித்துவிடுங்கள்.

டெல்லிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது: "வடக்கே போறோம், காத்து மேக்கேருந்து வருது, பக்கக்காத்துதானே, அத எதுக்கு ஏத்தணும்?" ஜனவரியில் டெல்லி பக்கம் அந்த உயரத்தில் மேலைக்காற்று 100 நாட் இருப்பது சாதாரணம். 450 நாட்டில் போகும் விமானம் 100 நாட் பக்கக்காற்றைச் சமாளிக்க மூக்கை 13 டிகிரி அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் நேராகப் போக முடியும், அதனால் தரைவேகம் 439-க்கு இறங்கும். பக்கக்காற்று சும்மா வீசிவிட்டுப் போவதில்லை, 11 நாட்டைக் கொண்டுபோகிறது. ஏற்றத்தான் வேண்டும்.

ஏற்றிய காற்றும் வெளியே வீசும் காற்றும் வேறு வேறாக இருக்கிறது

ஐந்து பத்து நாட், பத்து இருபது டிகிரி வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள், நிஜ விமானத்திலும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் நேரடி வானிலையை மீட்டியோபுளூவிடமிருந்து எடுக்கிறது, எக்ஸ்-பிளேன் 12 அமெரிக்காவின் நோவா தரவை எடுக்கிறது. திட்டத்தாள் எந்தத் தரவை வைத்துப் போட்டது என்பதைப் பொறுத்து எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

எதிர்த்திசையில் வீசுகிறது, அல்லது காற்றே இல்லை என்றால் கோளாறு வேறு. வானிலை அமைப்பில் நேரடி என்பதற்குப் பதில் தெளிந்த வானம் மாதிரி ஏதாவது முன்னமைப்பு நிற்கிறதா பாருங்கள். அடுத்தது நேரம். ஓஎஃப்பியில் எல்லாம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், நம்ம நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் குறைக்க வேண்டும். மாலை ஆறரைக்குக் கிளம்புவதாக நினைத்துத் திட்டத்தில் 1830 என்று கொடுத்தால் அது நம்ம ஊரில் நள்ளிரவு பன்னிரண்டு, அந்த நேரத்து முன்னறிவிப்புதான் தாளில் வரும். சரியானது 1300. காலையில் திட்டம் போட்டு வைத்துவிட்டு ராத்திரி சாப்பாடு முடித்துக் கிளம்புகிறவர்கள் புறப்படும் முன் ஒருமுறை திட்டத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது உயரம் மிஞ்சுகிறது, "டிராக் ரிக்வயர்ட்" என்கிறது

கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான், நம்ம பக்கத்துக்கே உரிய காரணமும் இதில் இருக்கிறது. போயிங்கில் டிராக் ரிக்வயர்ட், ஏர்பஸ்ஸில் மோர் டிராக். வேகத்தைக் குறைக்க இன்னும் இழுவை வேண்டும் என்று அர்த்தம். ஸ்பீட்பிரேக்கைத் திறந்தும் கணினி போட்ட இறங்கு பாதை நமக்குக் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும்.

ஆடி மாதம் முப்பந்தலில் காற்றாலைகள் மேற்கே பார்த்துக்கொண்டு சுற்றும்போது, அதற்கு 40,000 அடி மேலே காற்று கிழக்கிலிருந்து வந்துகொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கீழே, ஏறக்குறைய 5,000 அடியில் வலுவாக மேற்கிலிருந்து வருகிறது. அரபிக்கடலைத் தாண்டி வரும் சோமாலி ஜெட் என்பது அதுதான். மேலே போகப்போக அது தளர்ந்து, 20,000 அடி பக்கத்தில் திசை கலைந்து, அதற்கும் மேலே நேர் எதிராகக் கீழைக்காற்று பிடிக்கிறது. இந்த உயரக் கீழைக்காற்றை ஜெட் என்று 1958-இல் எழுதிக் காட்டியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். அதன் நடுப்பகுதி நாம் பறக்கும் உயரத்தையும் தாண்டி, 45,000 அடிக்கு மேல். எஃப்எல்360, 370-இல் நமக்குக் கிடைப்பது அதன் கீழ்விளிம்பு.

இப்போது துபாயிலிருந்து திருவனந்தபுரம் வருகிறோம். எஃப்எல்370-இல் 090/55, தென்கிழக்கே போகும் விமானத்துக்கு 41 நாட் எதிர்க்காற்று. 20,000 அடிக்குக் கீழே 270/30, அது 22 நாட் பின்காற்று. இறக்கக் காற்று எதையும் ஏற்றவில்லை. மேலே இருக்கும் எதிர்க்காற்று கீழே வரவரத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும் என்று கணினி நல்லபடியாகவே வைத்துக்கொண்டாலும், கடைசி 20,000 அடி இறங்கும் 12 நிமிடத்தில் அது எதிர்பார்த்ததைவிட விமானம் 6 கடல்மைல் கூடுதலாக ஓடியிருக்கும். மூன்று கடல்மைலுக்கு ஆயிரம் அடி என்ற வாய்ப்பாட்டில் 2,000 அடி மிச்சம். "பரவாயில்லை, எல்லா வரியிலும் 090/55 போட்டுடுவோம்" என்று குரூஸ் காற்றையே இறக்கப் பக்கத்திலும் தட்டினால் இன்னும் மோசம், 12 கடல்மைலுக்கு மேல் தப்பும், 4,000 அடி உயரத்தில் தொங்குவீர்கள்.

சரிசெய்ய: 737-இல் டெஸ் என்ற இறக்கப் பக்கத்துக்குப் போய் ஃபோர்காஸ்ட் என்ற வரியை அழுத்துங்கள். காற்றுக்கு மூன்று உயரம் கொடுக்க இடம் இருக்கும், 777-இல் நான்கு. கிடைக்கும் இடம் குறைவு என்பதால் எந்த உயரத்தைக் கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். நிறையப் பேர் 30,000, 20,000, 10,000 என்று சமமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கும், ஆனால் 5,000 அடியில் பருவக்காற்று உச்சத்தில் இருப்பது கணினிக்குத் தெரியாமலே போய்விடும். காற்று எங்கே திரும்புகிறதோ, எங்கே உச்சத்தில் இருக்கிறதோ அந்த உயரங்களைக் கொடுங்கள். மழைக்காலத்தில் திருவனந்தபுரத்துக்கு நான் கொடுப்பது எஃப்எல்300, எஃப்எல்200, 5,000 அடி. நடுவில் உள்ள எஃப்எல்200-இல் காற்று 5 நாட்தான் என்றாலும் அந்த வரி தேவை. 090-க்கும் 270-க்கும் நடுவே கணினி எந்தக் கணக்கைப் போடும் என்று நம்பி இருக்காமல், திருப்பம் நடக்கும் இடத்தை நாமே சொல்லிவிடுகிறோம். இந்த எண்கள் எல்லாம் ஓஎஃப்பியின் காற்றுப் பக்கத்தில் இருக்கும். ஹெக்டோபாஸ்கல் கணக்கில் வரும் வானிலைப் படத்தைப் பார்த்து எடுப்பவர்களுக்கு: 850 என்றால் 5,000 அடி, 700 என்றால் 10,000, 500 என்றால் 18,000, 300 என்றால் 30,000, 200 என்றால் 39,000, தோராயமாக.

அதே பக்கத்தில் டிஏஐ என்று ஒரு கட்டம் இருக்கிறது, பனித்தடுப்பை எந்த உயரத்தில் போட்டு எந்த உயரத்தில் அணைப்பீர்கள் என்று கேட்கிறது. அதைக் காலியாக விட்டுவிட்டுப் பருவமழை மேகத்துக்குள் இறங்கினால் பனித்தடுப்புக்காக என்ஜின் கொஞ்சம் கூடுதலாக ஓடும், பாதை கணக்கிட்டதைவிடத் தட்டையாகும், மறுபடியும் உயரம் மிஞ்சும். நம்ம பக்கம் பூஜ்ய டிகிரி ஏறக்குறைய 16,000 அடியில் இருக்கும், மேகம் அதற்கு மேல் என்றால் இந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.

ஏ320-இல் விண்ட் பக்கங்களில் டிசென்ட் விண்ட் என்று தனியாக இருக்கிறது, தரைக்காற்றுக்கும் ஒரு வரி உண்டு. இறக்கக் கட்டம் தொடங்கிவிட்டால் அந்தப் பக்கத்தை மாற்ற முடியாது. இறங்கும் புள்ளிக்கு 100, 150 கடல்மைல் இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்ளுங்கள், காபி எல்லாம் அப்புறம்.

டெல்லியிலிருந்து வரும்போது இதே பக்கத்தைக் காலியாக விட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, தெற்கே வரும் விமானத்துக்கு மேலைக்காற்றும் கீழைக்காற்றும் இரண்டுமே பக்கக்காற்றுதான். "எனக்கு டெல்லிலேருந்து வர்றப்ப சரியாத்தான் இருக்கு, துபாய்லேருந்து வந்தாத்தான் தப்புது" என்று சொல்பவர்களின் விமானத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

ஓடுபாதை மாற்றியதும் எல்லாம் கலைந்துவிட்டது

ஓடுபாதை 32-க்கு (320 டிகிரி பார்த்து இறங்குவது) வருவதாகப் போட்டிருந்ததை 14 என்று மாற்றினாலோ, நேரடியாக ஒரு புள்ளிக்குப் போகச் சொன்னாலோ, நடுவில் உள்ள பழைய புள்ளிகள் அழிந்து புதிய புள்ளிகள் வரும். புதிதாக வந்தவற்றில் காற்று என்ன நிற்கிறது என்று ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். உயரத்தை வைத்துக் கொடுத்த இறக்கக் காற்று பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்ப்பது நல்லது. பறக்கும் உயரத்தை மாற்றினாலும் இதே சோதனைதான், எஃப்எல்340-க்குக் கொடுத்த காற்றோடு எஃப்எல்380-க்கு ஏறினால் கணக்கு பழைய காற்றிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஏ320-இல் அணுகுவேகம் ஓஎஃப்பியோடு ஒத்துப்போகவில்லை

பெர்ஃப் அப்ரோச் பக்கத்தில் காற்றுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதில் மேக் விண்ட் என்று எழுதியிருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரமும், விமான நிலையத்தின் பதிவு ஒலிபரப்பான ஏட்டிஸும் சொல்லும் காற்று காந்தத் திசையில், அது இங்கே நேராகப் போகும். விண்ட் பக்கங்களில் டிரூ விண்ட் என்று இருக்கும், முன்னறிவிப்பும், விமான நிலைய வானிலை அறிக்கையான மெட்டாரும் உண்மை வடக்கை வைத்து வருவதால் அவை அங்கே போகும். கனடாப் பக்கம் இரண்டுக்கும் 15, 20 டிகிரி வித்தியாசம் வரும், குழப்பினால் தெரிந்துவிடும். நம்ம பக்கம் ஓரிரு டிகிரிதான், மாற்றிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது, அதனாலேயே இந்தப் பழக்கம் பலருக்கு வருவதில்லை.

இந்தக் கட்டத்தை வைத்துத்தான் அணுகுவேகம் அமைகிறது. குறைந்தபட்ச வேகத்தோடு எதிர்க்காற்றில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்ப்பார்கள், 5-க்குக் குறையாமல், 15-க்கு மிஞ்சாமல். ஓடுபாதை 32, காற்று 300/24 என்றால் நேர் எதிராக வருவது 22 நாட்டுக்குச் சற்று மேல், மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய ஏழரை. கட்டம் காலியாக இருந்தால் 5 மட்டும் சேரும். மேலே கொடுத்த 090/55-ஐ இங்கேயும் யாராவது தட்டியிருந்தால் கணினிக்கு அது பின்காற்று, சேர்க்க வேண்டியதைச் சேர்க்காது. விழிஞ்ஞம் பக்கம் 32-க்கு நேராகத் திரும்பியதும், இவ்வளவு நேரம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்த அதே பருவக்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கும், அதற்குள் ஏட்டிஸில் கேட்ட காற்று அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும்.